களித் தட்டிலிருந்து மாத்திரை அட்டை வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வைத்துப் படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வாசலில் "டீச்சர், இருக்கீங்களா?" என்று குரல். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். பெயர் வேண்டாம், அவளுக்குக் கூச்சம். என் கையில் பட்டையைச் சுற்றினாள். நான் அவள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதும், "டீச்சர், பேசாம உக்காருங்க. பேசினா பிரஷர் ஏத்திக் காட்டும்" என்றாள். முப்பத்து மூன்று வருஷம் நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னாள். பேசாமல் உட்கார்ந்தேன்.

காபி குடிக்கும்போது அவள் சொன்னதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "பொம்பளைங்களையும் வயசானவங்களையும் பார்த்துடறேன் டீச்சர். ஆம்பளைங்களைத்தான் பிடிக்க முடியல. நான் போற நேரம் கம்பெனியில இருப்பாங்க. நைட் ஷிப்டு முடிச்சு வந்திருந்தா தூங்குவாங்க. எழுப்பினா திட்டறாங்க."

அந்தத் திட்டம் பிறந்தது நம் மாவட்டத்தில்தான் என்பது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். கொரோனா இரண்டாம் அலை அப்போதுதான் அடங்கியிருந்தது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவே ஜனங்கள் பயந்த நேரம். மாத்திரை வீட்டுக்கு வந்தது. நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸின் கவனிப்பும் வீட்டுக்கே வந்தன.

சர்க்காரே கதவைத் தட்டி மாத்திரை கொடுக்கும் நிலைக்கு நம் ஊர் எப்படி வந்தது? எனக்குத் தெரிந்தவரை அந்தக் கதை சாப்பாட்டுத் தட்டில்தான் தொடங்குகிறது. அதில் என் பங்கும் ஒரு துளி உண்டு.

நான் காவேரிப்பட்டணத்துக்காரி. கே.ஆர்.பி. அணைத் தண்ணீர் பாயும் நெல் பூமி. ஆசிரியர் பயிற்சி முடித்து 1984-ல் எனக்கு முதல் வேலை கிடைத்தது தளி பக்கம் ஒரு கிராமத்தில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை. 2004 பிப்ரவரி வரை தருமபுரி மாவட்டம்தான். அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் கன்னடமும் தெலுங்கும், பள்ளியில் தமிழ். மூன்று மொழிக்கும் பொதுவாக ஒன்று இருந்தது: ராகிக் களி. கன்னடத்துப் பிள்ளைக்கு அது முத்தே, தெலுங்குப் பிள்ளைக்குச் சங்கடி, பேர்தான் வேறு. கூட அவரைக்கொட்டைச் சாறு, இல்லையென்றால் கீரை, அதுவும் இல்லையென்றால் கொள்ளு.

சோறு அங்கே பண்டிகைக்கும் விருந்தாளிக்கும். அந்த ஊருக்கு நான் விருந்தாளி. யார் வீட்டுக்குப் போனாலும் எனக்கு மட்டும் தனியாக உலை வைப்பார்கள். நானும் பெருமையாகச் சாப்பிட்டேன். ஒரு பையன் தூக்குப் போசியில் களி கொண்டு வந்து, மூடியால் மறைத்துக்கொண்டு தின்றான். மறைக்காதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "சத்துணவில்தான் சோறு போடறாங்களே, இதை எதுக்குத் தூக்கிட்டு வர்றே?" என்று கேட்டேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவன் கொண்டு வரவில்லை. நாற்பது வருஷம் ஆகிவிட்டது, இப்போதும் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

சத்துணவைக் குறை சொல்ல வரவில்லை. அதன் வரலாறு தெரிந்தால் குறை சொல்ல வாய் வராது. 1920-ல் நீதிக் கட்சியின் தியாகராயச் செட்டியார் தலைமையில் இருந்தபோது சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1956-ல் காமராஜர் அதை மாநிலத் திட்டமாக்கினார். நான் படித்த 1960-களில் அமெரிக்காவிலிருந்து கேர் அமைப்பு அனுப்பிய பால் பவுடரும் கோதுமையும் வரும், அந்த வாசனை என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு, 1984-ல் பத்திலிருந்து பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கும். மதியம் பசியில் மயங்கி விழும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அது என் கண் முன்னாலேயே குறைந்தது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. பிறகு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, 2010-ல் வாரம் ஐந்து முட்டை ஆனது. ஆளும் கட்சி மாறினாலும் முட்டை குறையவில்லை. நம் மாநில அரசியலில் எனக்குப் பிடித்த விஷயங்களில் அது ஒன்று.

ரேஷன் கடைக்கும் அதே போல ஒரு கதை உண்டு. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி முதலமைச்சராக இருந்த 1952-ல் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தே விட்டார். சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். அவர் கட்டுப்பாட்டை எடுத்த மாநிலத்தில்தான், இந்தியாவிலேயே ஏழை பணக்காரர் பேதமில்லாமல் எல்லாருக்கும் ரேஷன் என்ற ஏற்பாடு பின்னால் வேர் பிடித்தது. 1960-களின் அரிசிப் பஞ்சம், 1967 தேர்தல், அண்ணா அறிவித்த ரூபாய்க்கு ஒரு படி அரிசி, 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம், 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011 ஜூனில் இலவசம். அந்தப் பக்கம் மத்திய அரசு 1965-ல் இந்திய உணவுக் கழகத்தைத் தொடங்கி நெல்லையும் கோதுமையையும் வாங்கிக் குவித்தது. ராகியை அப்படி வாங்க ஆளில்லை.

இதில் யாரும் சதி செய்யவில்லை. பசியை விரட்ட வேண்டியிருந்தது, கைக்கு எட்டிய தானியம் அரிசி. ஆனால் மானாவாரி பூமியான நம் பக்கத்தில் விளைந்தது ராகி. மழை பொய்த்தாலும் கொஞ்சமாவது வீடு வந்து சேரும், குழியில் போட்டு மூடினால் வருஷக் கணக்கில் புழு அண்டாது. ராகியை விதைத்து, அறுத்து, அடித்து, திரித்து, துடுப்புப் போட்டுக் கிண்டி எடுப்பதற்குள் பெண்களுக்குத் தோள்பட்டை விட்டுப்போகும். இருபது கிலோ அரிசி இலவசமாக வந்தால் எந்தப் பெண் துடுப்பைப் பிடிப்பாள்? நானாக இருந்தாலும் பிடிக்க மாட்டேன். நிலத்தில் ராகி இருந்த இடத்தில் தக்காளி, கோஸ், பிறகு ரோஜா. இரண்டு தலைமுறையில் தட்டு வெள்ளையாகிவிட்டது.

தட்டு மாறிய அதே காலத்தில் உழைப்பும் மாறியது. 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980-களில் லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் எல்லாம் இங்கே தயாராகத் தொடங்கின. என் மாணவர்களில் பாதிப் பேர் ஐ.டி.ஐ. முடித்து உள்ளே போனார்கள். நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்ந்த அப்பாவின் பிள்ளை எட்டு மணி நேரம் ஒரே மெஷின் முன்னால் நின்றான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரி. நடு இரவில் ஒரு சாப்பாடு, விடியற்காலை வெளியே வந்தால் கேட் பக்கத்தில் பரோட்டா. வீட்டில் கூலிக்காரன் சாப்பிடும் அளவுச் சோறு அப்படியே இருந்தது, கூலி வேலைதான் இல்லை.

என் தம்பியும் அப்படித்தான். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 2016-ல் நைட் ஷிப்டு முடிந்து வந்து பல் துலக்கும்போது இடது பக்கம் இழுத்துக்கொண்டது. வயது 47. அதற்கு முன் அவன் ஒரு தடவைகூட பிரஷர் பார்த்ததில்லை. தலை வலிக்கிறது என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் "தூக்கமில்லாததால இருக்கும்டா" என்று சொல்லித் தைலம் தேய்த்துவிட்டேன். பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தியவள் நான்.

அவன் விழுந்தபோது அரசு தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில் 2007-லிருந்தே விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் ரத்தக்கொதிப்பைக் கண்டுபிடிக்கும் வேலை முன்னோட்டமாக நடந்தது. ஆஸ்பத்திரியோடு நிற்காமல் பள்ளிக்கூடம், வேலை செய்யும் இடம், ஊர் என்று எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே இருந்தது. 2012-ல் மாநிலம் முழுக்க விரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கென்றே ஒரு நர்ஸ். மருந்து இலவசம். ஆனால் நாம்தான் போக வேண்டும். ஷிப்டுக்காரன் எப்போது போவான்?

அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று 2020-ல் மாநில அளவில் எடுத்த ஆய்வு காட்டியது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு. சர்க்கரையில் 10.8 சதவீதம். நூறு பேரில் சுமார் தொண்ணூறு பேர் ஒன்று தெரியாமல் இருந்தார்கள், அல்லது தெரிந்தும் மருந்து எடுக்கவில்லை, அல்லது எடுத்தும் அடங்கவில்லை. அடுத்த வருஷம் சாமனப்பள்ளி. பிறகு நடந்த இரண்டாம் சுற்று ஆய்வில் இரண்டுமே சுமார் 17 சதவீதத்துக்கு வந்துவிட்டன. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. ஒரு மூன்று நான்கு வருஷத்தில் இது சின்ன முன்னேற்றம் இல்லை. நூறில் எண்பத்து மூன்று பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதும் அதே கணக்குதான்.

வீட்டுக்குப் போனால் தொழிலாளி இல்லை என்று அரசுக்கும் தெரிந்தது. 2024-ல் "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" என்று ஆலைகளுக்குள்ளேயே பரிசோதனையைக் கொண்டு போனார்கள். நல்ல யோசனை. நிரந்தரத் தொழிலாளிக்கு அது எட்டும். ஒப்பந்தக்காரர் மூலம் ஆறு மாதம் இங்கே, நான்கு மாதம் அங்கே என்று மாறிக்கொண்டே இருக்கும் பையனை யார் பட்டியலில் வைப்பது?

இப்போது நான் வரலாற்றிலிருந்து கற்றுக்கொண்டதாக நினைக்கும் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். சரியா என்று நீங்கள் சொல்லுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வகுப்பில் பல பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. பல் துலக்கவில்லை என்று முதலில் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அது ஆழ்குழாய்த் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. சில ஊர்களில் பெரியவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகிப்போயிருந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் பொதுவான நோய் அது. 2008-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கலைஞர் அடிக்கல் நாட்டினார். ஜப்பான் கடனுதவி. கர்நாடகத்தில் எதிர்ப்பு, எல்லையில் பஸ் நின்றது, உங்களுக்கு நினைவிருக்கும். 2013-ல் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. அதற்காக யாரும் பழக்கத்தை மாற்றவில்லை. குழாயைத் திறந்தார்கள், அவ்வளவுதான். முட்டையும் அப்படித்தான், அயோடின் உப்பும் அப்படித்தான். பிள்ளையிடம் "புரதம் சாப்பிடு" என்று அறிவுரை சொல்லவில்லை, தட்டில் வைத்தார்கள்.

சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வந்ததும் நாம் அறிவுரைக்குப் போய்விட்டோம். உப்பைக் குறை, சோற்றைக் குறை, தினம் நட. 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தார்கள். நடப்பவர்களைப் பார்த்தால் சந்தோஷம். நானும் நடக்கிறேன். ஓய்வூதியம் வாங்குகிறேன், காலை ஆறு மணி என் கையில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு கம்பெனி பஸ் பிடிப்பவன் எப்போது நடப்பான்?

உலகத்தில் வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள். பின்லாந்தில் வட கரேலியா என்ற மாவட்டம், நம்மைப் போல எல்லைப் பகுதி. ஆண்கள் இளம் வயதிலேயே மாரடைப்பில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் பொறுப்பில் ஒரு திட்டம் தொடங்கியது. அறிவுரையோடு நிற்கவில்லை. பால் பண்ணை, தொத்திறைச்சிக் கம்பெனி, கடைக்காரர் எல்லாரோடும் பேசி, கொழுப்பும் உப்பும் குறைந்த பொருளை விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். பால் பண்ணைக்காரர்கள் சிலர் பெர்ரிப் பழ விவசாயத்துக்கு மாற உதவினார்கள். நாற்பது வருஷத்தில் வேலை செய்யும் வயது ஆண்களின் இதய நோய்ச் சாவு எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து ஒரு ஆய்வு. பாதிக் கிராமங்களுக்குச் சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு. சமையல் அதே சமையல், டப்பாவில் உப்பு மட்டும் வேறு. ஐந்து வருஷத்தில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு என்று 2021-ல் வெளியிட்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் நம் மாநிலத்தில் 2014-லேயே "அம்மா உப்பு" வந்தபோது மூன்று வகையில் ஒன்று சோடியம் குறைந்த உப்பு! விலை கிலோ 21 ரூபாய், சாதா உப்பைவிட அதிகம். விலை அதிகமான உப்பை யார் வாங்குவார்கள்? வைத்திருந்த கடையில் தூசி படிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கதவு திறந்திருந்தது, நாம் உள்ளே போகவில்லை. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் ஆபத்து.)

ஆலைக்குள்ளேயும் கதவு இருக்கிறது. 1948 தொழிற்சாலைச் சட்டம் 46-ம் பிரிவில், 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வைக்கச் சொல்லி மாநில அரசு விதி செய்யலாம் என்று இருந்தது. தொழிலாளிக்கு வயிறு நிறைய வேண்டும் என்பது அன்றைய கவலை. அது நியாயமான கவலை. தினம் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே அண்டாவிலிருந்து சாப்பிடும் இடத்தில் சாம்பாரின் உப்பைக் கால் பங்கு குறைப்பதும், இரவு ஷிப்டுக்கு ஒரு கரண்டிச் சோற்றுக்குப் பதில் ஒரு கரண்டி சுண்டல் வைப்பதும், ஆயிரக்கணக்கான வீட்டுக் கதவைத் தட்டுவதைவிடச் சுலபம் என்று எனக்குப் படுகிறது.

ராகிக்கு வருகிறேன். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனால் கர்நாடகம். அங்கே தெற்கு மாவட்ட ரேஷனில் ராகி பல வருஷமாகக் கிடைக்கிறது, அரசே விவசாயியிடம் வாங்குகிறது. நம் பக்கத்தில் 2023-ல்தான், சிறுதானிய ஆண்டு என்று உலகமே கொண்டாடியபோது, அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு என்று தொடங்கினார்கள். முதலில் எடுத்துக்கொண்டது நீலகிரியும் தருமபுரியும். பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் ராகி ரகம் கண்டுபிடிக்கும் நம் கிருஷ்ணகிரி அந்த முதல் பட்டியலில் இல்லை.

ராகியை மருந்தாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. ராகியும் மாவுச்சத்துதான். நைசாகத் திரித்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை நன்றாகவே ஏறும். பழைய ஆட்களுக்கு அது ஒத்துக்கொண்டதற்குக் காரணம் களி மட்டும் இல்லை. கூட இருந்த அவரைக்கொட்டை, கீரை, கொள்ளு, அதன்பிறகு வெயிலில் வேலை. சுண்ணாம்புச் சத்தில் ராகிக்கு இணை இல்லை, நார்ச்சத்தும் உண்டு. அதற்காகச் சாப்பிடுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பிடாதீர்கள். என் தம்பி இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனது யாரோ சொன்ன கஞ்சியை நம்பி மாத்திரையை விட்டதால்தான். இப்போது கைத்தடியோடு நடக்கிறான், மாத்திரை டப்பாவை அவன் மனைவி வைத்திருக்கிறாள்.

கடைசியாக, அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை காலை உனக்கு முடியுமா? என் திண்ணையில் உட்கார். தெருவில் இருக்கும் ஆம்பளைகளை நான் கூட்டி வருகிறேன்." சிரித்தாள். வந்தாள். நான் பிரம்பு இல்லாமல் தெருவில் நடந்தேன், பதினொரு பேர் வந்தார்கள். மூன்று பேர் என் பழைய மாணவர்கள். ஒருவனுக்கு 170-க்கு மேல் காட்டியது, வயது 38. அவனுக்கு நம்பிக்கை இல்லை, மெஷின் தப்பு என்றான். பத்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி பார்த்தாள். அதேதான். திங்கட்கிழமை ஷிப்டு மாற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனான். போனானா என்று நான் போன் செய்து கேட்டேன், பழைய பழக்கம்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு மறுபடி வருகிறாள். காலை எட்டிலிருந்து பத்து வரை. ஓசூரில் இருப்பவர்களுக்கு என் வீடு தெரியும். வருகிறவர்கள் அரை மணி முன்னால் காபியோ பீடியோ வேண்டாம், அளவு தப்பாகக் காட்டும். முடிந்த பிறகு காபி நான் தருகிறேன்.

தளி பள்ளியில் 84, 85-ல் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், களி கொண்டு வந்த அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எழுதுங்கள். அவனிடம் எனக்குப் பேச வேண்டும்.